தலைமன்னாரிலிருந்து மடுவுக்கு நாலு லீவு

தலைமன்னார் பழைய இறங்குதுறையிலிருந்து மடுமாதா கோயிலுக்கு நடந்து போக எவ்வளவு காலம் பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் யாரையும் கேளுங்கள். நாலு லீவு என்பார்கள். மற்றவர்கள் மைலில் சொல்வதை நாங்கள் லீவில் சொல்கிறோம். நான் நோர்வேயில், பேர்கன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன். கோடையில் விடுமுறை கிடைத்தால் ஊருக்கு வந்து என் தங்கச்சி றீற்றாவுடன் ஒரு துண்டு நடப்பேன். அடுத்த முறை வரும்போது, விட்ட இடத்திலிருந்து அடுத்த துண்டு. இப்படி நடந்து இந்த ஆவணியில் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்தோம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. சேர்ந்தது அவள். நான் கூடப் போனேன்.

றீற்றா விடத்தல்தீவில் கலியாணம் முடித்துப் போனவள். கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாக வன்னிக்குள் இழுபட்டாள். புருசனையும், இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ளதையும் அங்கே இழந்தாள். மகள் நிலானியோடு தலைமன்னாருக்குத் திரும்பி வந்தாள். செல்குண்டு விழுந்த அன்று, யாரோ அவள் காலைச் சீலையால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோதே நேர்த்தி வைத்துவிட்டாளாம்: “தாயே, பிள்ளையை முழுசா வெளியில கொண்டுபோய் விடு. மிச்சம் இருக்கிறதோட நான் தலைமன்னாரிலயிருந்து உன்னட்ட நடந்து வாறன்.” நிலானிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவளுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நண்டுச் சதை பிரிக்கும் கொம்பனி ஒன்றில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாள். ஆனால் நிற்பது வேறு, நடப்பது வேறு. கொஞ்சத் தூரம் போனால் மிச்சக் கால் சூடேறித் தோல் உரியும். வருசாவருசம் சொந்தக்காரரோடு வான் பிடித்து மடுவுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். வந்து எனக்குத் தொலைபேசியில் சொல்வாள், “போய் வந்திட்டன் அண்ணா. நடந்துதான் போகேல்லை.”

பேர்கன் டிப்போவில் ஒருநாள் கோப்பி குடிக்கும்போது, என்னோடு வேலை செய்யும் ஒய்வின் தன் விடுமுறைப் படங்களைக் காட்டினான். நோர்வேயில் பழைய யாத்திரை வழி ஒன்று இருக்கிறது. மலைகளைத் தாண்டி வடக்கே ஒரு பெரிய தேவாலயத்துக்குப் போகும். ஒய்வின் ஒவ்வொரு கோடையிலும் ஒரு கிழமை மட்டும் அதில் நடக்கிறான். போன வருசம் நின்ற இடத்தில் போய் இறங்கி அங்கிருந்து தொடர்கிறான். முழுவதையும் ஒரே தரத்தில் நடக்கத் தனக்கு லீவும் இல்லை, முழங்காலும் இல்லை என்றான்.

அன்று பின்னேரமே றீற்றாவுக்கு அழைத்து இதைச் சொன்னேன். அவள் உடனே கேட்டாள்:

“விட்ட இடத்திலயிருந்துதானே துவங்குறவர்? தள்ளி இல்லையே?”

“விட்ட இடத்திலயிருந்துதான்.”

“அப்ப எனக்கும் ஏலும். நீங்கள் எப்ப வாறியள்?”

முதல் லீவில், விடிந்தும் விடியாததுமாக, இறங்குதுறையில் போய் நின்றோம். ஒரு காலத்தில் இந்தியாவுக்குக் கப்பல் போன இடம். இப்போது இரும்புத் தூண்களைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. என் காலில் பேர்கனில் வாங்கிய மலையேறும் சப்பாத்து. இரண்டு கையிலும் நடைக்கம்பு. முதுகுப் பைக்குள்ளிருந்து தண்ணீர் உறிஞ்ச ஒரு குழாய் வேறு. றீற்றா வேலைக்குப் போகும் அதே பின்வார் வைத்த றப்பர்ச் செருப்போடு வந்திருந்தாள். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“அண்ணா, நாங்கள் மடுவுக்குத்தானே போறம்?”

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. பேர்கனில் மழை எந்தப் பக்கத்தாலும் வரும். இங்கே காற்று ஒரே பக்கத்தால்தான் வரும், ஆனால் மணலையும் கூட்டிக்கொண்டு வரும். காதுக்குள் மணல், பல்லுக்குள் மணல், என் தண்ணீர்க் குழாய்க்குள்ளும் மணல். கரைவலைக்குப் போகும் ஆட்கள் சைக்கிளை மெதுவாக்கி, “எங்க பிள்ளை?” என்று கேட்டார்கள். “மடுவுக்கு” என்றாள் றீற்றா. “பஸ் இப்ப வருமே” என்றார்கள். “வரட்டும்” என்றாள்.

செயற்கைக் காலை அவள் ‘இவர்’ என்றுதான் சொல்வாள். “இவருக்குச் சூடு ஏறுது, கொஞ்சம் இருப்பம்” என்று ஒரு பனை நிழலில் உட்காருவாள். பட்டிகளைக் கழற்றி, காலை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி, மேசை உருவி உதறி, மிச்சக் காலைக் காற்றில் காய விடுவாள். மேசு என்றால் எங்கள் பக்கத்தில் காலுறை. றோட்டால் போகிறவர்கள் பார்ப்பார்கள். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. அவள் அவர்களுக்குத் தலையாட்டிவிட்டு மேசைக் காயப்போட்டாள்.

பேசாலைக் கோயில் தூரத்தில் தெரிகிற இடத்தில் மேசில் இரத்தம் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் என்று அடம்பிடிப்பாள், மறித்துச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். தேவைப்படவில்லை. அவள் சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சின்ன மதகு இருந்தது. அதில் கை வைத்தாள்.

“இந்த முறைக்கு இதுவரைக்கும்” என்றாள்.

மிச்ச லீவு முழுக்க அவள் ஊன்றுகோலோடு வீட்டுக்குள் திரிந்தாள். நான் நண்டுக்கறியும் ஒடியல் கூழுமாகச் சாப்பிட்டேன். அவள் நண்டைத் தொடவில்லை. கொம்பனியில் நாள் முழுக்க மணக்கிறதை வீட்டிலும் ஏன் மணக்க வேண்டும் என்றாள். பேசாலையில் இருக்கும் எங்கள் மாமி பார்க்க வந்து, வாசலிலேயே சிரித்தார்.

“என்ன பிள்ளை, நேர்த்தியை லீசிங்கில போட்டிருக்கிறியாம்?”

“ஓம் மாமி. தவணை தவறாமக் கட்டுவன்” என்றாள் றீற்றா.

அந்தப் பகிடி மன்னார்த் தீவு முழுக்கப் பரவியது. எல்லோரும் பகிடியாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாக நடந்தால் நேர்த்தி செல்லாது என்று கோயில் வாசலில் வைத்தே ஒருவர் சொன்னார். றீற்றா பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எனக்கும் தெரியாது மகள். போய்ச் சேர்ந்தாப் பிறகு மாதாட்டையே கேளும்” என்றார். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது லீவுக்குள் அவள் யாழ்ப்பாணம் போய், மிச்சக் கால் பொருந்துகிற கிண்ணத்தை மாற்றிப் புதிதாகச் செய்வித்துக்கொண்டாள். ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து வந்து நடந்து பழகியிருந்தாள். நான் பஸ் ஆசனத்தில் இருந்து இன்னும் கொஞ்சம் கொழுத்திருந்தேன். மதகில் இறங்குவதற்குப் பஸ்ஸில் போனோம். மணி அடித்தும் சாரதி நிறுத்தவில்லை. பேசாலைச் சந்தியில்தான் நிறுத்தினார். பேர்கனில் நான் இப்படிச் செய்தால் அடுத்த நாளே முறைப்பாடு வரும். “மதகில இறங்கவேணும் எண்டு சொன்னனாங்களே” என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “மதகுக்கு ஹோல்ட் இல்லை அண்ணை” என்றார். நியாயம்தான். றீற்றா இறங்கி, வந்த வழியே மதகுவரை பின்னோக்கி நடந்தாள். அங்கே அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அந்தத் தூரத்தை அன்று இரண்டு தரம் நடந்தாள்.

தாராபுரத்தில் ஒரு கடைக்காரர் எங்களைக் கண்டு கதிரையை வெளியே கொண்டுவந்து போட்டார். றீற்றா கால் கழற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே பார்த்து இரண்டு சர்பத்துக்குச் சொன்னார். எதற்காக நடக்கிறோம் என்று கேட்டார். சொன்னோம். “நேந்துக்கிட்டா முடிக்கத்தான் வேணும்” என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மன்னார்ப் பட்டினத்துக்குள் நுழைந்தபோது கழுதைகள் கூட்டமாக றோட்டை மறித்து நின்றன. வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. கழுதைகள் அசையவில்லை. றீற்றா அவற்றுக்கு நடுவால் நடந்து போனாள், அவை வழிவிட்டன. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் தொடங்குகிற இடத்தில் அந்த லீவு முடிந்தது.

அதற்குப் பிறகு கொரோனா வந்து உலகம் பூட்டிக்கிடந்தது. கோடைகள் வந்து போயின. நான் முகக்கவசத்தோடு வெறும் பஸ்ஸை மழையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி எடுத்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அவள் சொல்வாள், “பாலத்தடியில நிக்கிறன் அண்ணா.” வீட்டில் அடுப்படியில் நின்றுகொண்டுதான் அப்படிச் சொல்வாள். ஆனால் எனக்கு அவள் உண்மையிலேயே அங்கே, இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு நிற்பதுபோலத்தான் தோன்றும்.

மூன்றாவது லீவில் பாலம் கடந்தோம். காற்று இந்த முறை பக்கவாட்டில் அடித்தது. என் தொப்பி கடலுக்குப் போனது. சோதனைச்சாவடியில் நின்ற இளம் சிப்பாய் சிங்களத்தில் ஏதோ கேட்க, றீற்றா சிங்களத்திலேயே பதில் சொன்னாள். கொம்பனியில் பழகியது. என்ன கேட்டான் என்றேன். “வாகனம் பழுதோ எண்டு கேக்கிறான். இல்லை, வாகனமே இல்லை எண்டு சொன்னனான்.”

மாந்தை தாண்டினால் வயல். உயிலங்குளத்துக்குக் கிட்ட என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. றோட்டோரத்தில் விழுந்து கிடந்தேன். றீற்றா பக்கத்தில் இருந்து காலை நீவிவிட்டாள். இரண்டு காலும் உள்ளவனுக்கு ஒற்றைக்கால்காரி கால் நீவிவிடுவதை ஒரு ஓட்டோக்காரர் நிறுத்திப் பார்த்தார். அவள் என்னை அந்த ஓட்டோவிலேயே ஏற்றி அனுப்பிவிட்டாள். நான் முன்னுக்குப் போய், ஒரு கடையில் செவ்விளநீர் வெட்டுவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெயிலுக்குள் அவள் சின்னதாகத் தெரிந்து, மெல்ல மெல்லப் பெரிதாகி வந்தாள். நின்றபடியே குடித்தாள். “இருந்தால் எழும்பமாட்டன்” என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனாள். முருங்கன் றெயில் கடவையில் நிறுத்தினாள்.

நான் முழுவதும் நடக்கவில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். அது என் நேர்த்தியும் இல்லை.

இந்த வருசம் நாலாவது லீவு. நிலானி இப்போது வவுனியாவில் தாதி. வாகனம் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றாள். றீற்றா விடவில்லை. “உனக்காகத்தான் நடக்கிறது. நீயும் வந்து நடந்தால் ஆருக்காக நடக்கிறது? நீ வேலைக்குப் போ” என்றாள்.

தலைமன்னாரிலிருந்து முருங்கனுக்கு றெயினில் போனோம். மூன்று லீவாக நடந்ததை றெயின் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில் ஓடி முடித்தது. றீற்றா யன்னலோரம் இருந்து, றோட்டு கண்ணில் படும்போதெல்லாம் விரலை நீட்டினாள். “உதில மேசு மாத்தினனான். உந்தப் பனையடியிலதான் அழுதனான், நீங்கள் காணேல்லை.” உயிலங்குளம் வந்ததும், “உதில நீங்கள் விழுந்தனீங்கள்” என்றாள், பெட்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

முருங்கனில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினோம். சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிர். பேர்கனில் ஒரு பெட்டி தயிரில் இருப்பதைவிட இங்கே ஒரு கரண்டியில் கூடுதல் ருசி இருந்தது. றீற்றா அளவாகச் சாப்பிட்டாள். நான் அளவு பார்க்கவில்லை. மறுநாள் அதன் பலனை அனுபவித்தேன்.

மறுநாள் கடவையிலிருந்து மடுச் சந்தி வரை. திருவிழாவுக்குப் போகும் வான்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒரு வான் எங்களைத் தாண்டிப்போய் நின்று, பின்னால் வந்தது. சிலாபம் பக்கத்துச் சனம். முன் ஆசனத்திலிருந்த சிங்கள அம்மா றீற்றாவோடு கதைத்தார். றீற்றா சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றாள். வான் போனபிறகு நான் கேட்டேன்.

“‘ஏறுங்கோ, இடம் இருக்கு’ எண்டு சொன்னவ.”

“வேற என்னவோ சொன்னாவே?”

“‘எங்களுக்காக இல்லாட்டிலும் அந்த ஐயாவுக்காக ஏறுங்கோ, பாக்கப் பாவமா இருக்கு’ எண்டு சொன்னவ.”

சந்தியில் மர நிழலில் ஒரு பெண்ணும் புருசனும் கட்டுச்சோறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளாங்குளத்துக்காரர். வயல் செய்கிறவர்கள். தெய்வானை அக்கா என்று பெயர் சொன்னார். இடம்பெயர்ந்து மடுவில் கிடந்த காலத்தில் அவருடைய மூத்த மகன் அந்தக் கோயில் வளவுக்குள்தான் பிறந்தானாம். அதற்காக ஒவ்வொரு வருசமும் சந்திவரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து காட்டு றோட்டால் நடக்கிறார்கள். “எங்களுக்கு இவ்வளவுதான் ஏலும் பிள்ளை” என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு. பிறகு றீற்றா தலைமன்னாரிலிருந்து வந்த கதையைக் கேட்டார். கேட்டுக்கொண்டே அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பையைத் திறந்து பொரிவிளாங்காய் உருண்டை இரண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். எனக்கும் ஒன்று தந்தார். கல்லு மாதிரி இருந்தது. நோர்வேயில் பல் வைத்தியத்துக்கு நான் பட்ட பாட்டை நினைத்து, அதைக் கடிக்காமல் கன்னத்துக்குள் ஒதுக்கி ஊறவிட்டேன்.

அன்றிரவு சந்தியிலேயே தங்கி, அடுத்த நாள் விடிய, அவர்களோடு சேர்ந்து காட்டு றோட்டில் இறங்கினோம். இரண்டு பக்கமும் பாலை மரமும் வீரை மரமும். மன்னார்க் காற்றுக்குப் பழகிய எனக்குக் காற்றே இல்லாத அந்த அமைதி புதிதாக இருந்தது. முன்னாலும் பின்னாலும் செபமாலை சொல்லிக்கொண்டு சனம் போனது. றீற்றா நன்றாக நடந்தாள். அன்று பின்னேரத்துக்குள் கோயில் என்று எனக்குள் ஏற்கெனவே கொண்டாடத் தொடங்கிவிட்டேன்.

பாதி தாண்டியிருப்போம். முன்னால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். குட்டியோடு ஒரு ஆனை றோட்டோரத்தில் நிற்கிறதாம். காக்கி உடுப்பில் இரண்டு பேர் சைக்கிளில் வந்து எல்லோரையும் மறித்தார்கள். ஒரு உழவு இயந்திரம் பெட்டியோடு வந்தது. நடக்கிறவர்கள் எல்லோரும் ஏற வேண்டும், அந்தத் துண்டைக் கடத்திவிடுவார்கள் என்றார்கள். றீற்றா ஏறவில்லை. காக்கி உடுப்புக்காரரோடு சிங்களத்தில் கதைத்தாள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

“என்னவாம்?” என்றேன்.

“‘நங்கி, எனக்கு உங்கட நேர்த்தி விளங்குது. ஆனைக்கு விளங்காது’ எண்டு சொல்லுறார்.” நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

எல்லோரும் ஏறிக் காத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் குழந்தைகள் இருந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். தெய்வானை அக்கா மேலிருந்து கை கொடுக்க, நான் கீழிருந்து தூக்கினேன். ஏறும்போது என் காதில், “அண்ணா, இந்த இடத்தைப் பாத்து வையுங்கோ” என்றாள். ஆனைவெடி இரண்டு கொளுத்திப் போட்டார்கள். சாரதி பயந்த மனிதன். ஆனையைத் தாண்டி நிறுத்தச் சொல்லிக் கத்தியும் நிறுத்தவில்லை. கூடாரங்கள் தொடங்குகிற இடத்தில், கோயில் மணி கேட்கிற தூரத்தில்தான் எங்களை இறக்கினான். சனம் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு உள்ளே போனது.

றீற்றா போகவில்லை. றோட்டோரத்தில் ஒரு மரத்தடியில், கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காலைக் கழற்றினாள். மேசில் மறுபடி இரத்தம் பிடித்திருந்தது.

நான் சொல்லக்கூடியதையெல்லாம் சொன்னேன். வேண்டுமென்று ஏறவில்லை. ஆனை மறித்தது. கால் புண்ணாகிவிட்டது. எனக்குத் திரும்பிப் போக நாள் கிட்டிவிட்டது. அந்தக் கொஞ்சத் தூரத்தை ஆரும் கேட்கப் போவதில்லை. கடைசியாக, “மாதாவுக்கு விளங்கும் றீற்றா” என்றேன்.

“மாதாவுக்கு விளங்கும் அண்ணா. எனக்குத்தான் விளங்காது.”

தெய்வானை அக்கா தன் புருசனிடம் சாமான்களைக் கொடுத்து முன்னே அனுப்பிவிட்டு, அவள் பக்கத்தில் பாயை விரித்தார். “தம்பி, நீங்கள் போய்க் குளியுங்கோ. இவவோட கதைச்சுப் பிரயோசனம் இல்லை” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அன்றைய இராப்பொழுதை அந்த மரத்தடியிலேயே கழித்தோம். கோயில் அவ்வளவு கிட்ட இருந்தும் றீற்றா ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வந்து சேர்ந்த மாதிரி ஆகிவிடும் என்றாள்.

விடிந்ததும் ஓட்டோ பிடித்தோம். ஓட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

“எல்லாரும் காட்டிலயிருந்து கோயிலுக்குப் போவினம். நீங்கள் கோயிலடியிலயிருந்து காட்டுக்குப் போறியள். ஏதும் துலைச்சிட்டியளோ?”

“ஓம். கொஞ்ச றோட்டுத் துலைஞ்சு போச்சு” என்றாள் றீற்றா.

முறிந்த பாலைக் கொப்பு, வெடிக் கடதாசி, உழவு இயந்திரம் திரும்பிய தடம். இடம் இதுதான் என்று நான் நிறுத்தச் சொன்னேன். அவள் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகச் சொன்னாள். “கூட நடந்தால் பிழையில்லை. குறைய நடந்தால்தான் பிழை.” அங்கே இறங்கினோம். ஓட்டோக்காரரைப் போகச் சொன்னோம். அவர் போகவில்லை. ஆனைக் காட்டில் விட்டுவிட்டுப் போனால் தனக்குச் சோறு இறங்காது என்று சொல்லி, எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தார். நடை வேகத்தில் வாகனம் ஓட்டுவது எவ்வளவு கரைச்சல் என்று எனக்குத் தெரியும். என் தொழில் அது. அவர் ஒருதரமும் ஹோர்ன் அடிக்கவில்லை.

றீற்றா அன்று நன்றாக நடக்கவில்லை. புண்ணோடு நடந்தாள். இடது பக்கம் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி சரிந்து. பல்லைக் கடித்திருந்தாள். கை கொடுக்கப் போனேன், தள்ளிவிட்டாள். ஆனை நின்ற இடம் வந்தது. ஆனை இல்லை. இலத்தி மட்டும் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனாள். இவள் என் தங்கச்சி என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது. முன்னும் பின்னும் பார்த்தேன். மரத்தில் குரங்குகள்தான் இருந்தன. ஓட்டோக்காரரிடம் போய்ச் சொன்னேன். “தெரியுது அண்ணை” என்றார்.

நேற்று இருந்த மரத்தடியைத் தாண்டினோம். அங்கே அவள் நிற்கவில்லை. கூடாரங்கள், ஐஸ்கிறீம் வண்டி, மெழுகுதிரிக் கடைகள், தமிழும் சிங்களமுமாகச் செபங்கள். சனம் நெருக்கியது. அந்த நெரிசலுக்குள் யாரோ அவள் நடையைப் பார்த்து விலகினார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் விலகினார்கள். செருப்பைக் கழற்றினாள். கோயிலுக்குள் முழங்காலில் நிற்க அவளால் முடியாது. மாதாவுக்கு நேரே போய், நிமிர்ந்து நின்றாள். அதிக நேரம் நிற்கவில்லை.

வெளியே வந்ததும், பங்குச் சுவாமி சொன்னபடி மாதாவிடம் கேட்டாயா என்றேன்.

“ஒண்டும் கேக்கேல்லை. வந்திட்டன் எண்டு மட்டும் சொன்னனான்.”

பிறகு நிலானிக்குத் தொலைபேசி எடுத்தாள். அங்கேயும் அதையே சொன்னாள். மறுபக்கத்தில் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. “சரி, சரி. ஆஸ்பத்திரி வாட்டில நிண்டு அழாத. போய் வேலையைப் பார்” என்று வைத்துவிட்டு, முகத்தைச் சீலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள்.

தெய்வானை அக்காவின் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் யாத்திரிகர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மடுவுக்கு வருசாவருசம் வந்து அந்தத் தொண்டு செய்கிறவராம். அக்கா எங்களைக் கண்டதும் எழும்பி வந்து, றீற்றாவின் தோளைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினார். தன் சொந்தத் தங்கச்சியைக் காட்டுகிற மாதிரித்தான் சொன்னார்:

“ஐயா, இவ தலைமன்னாரிலயிருந்து நடந்து வந்தவ.”

பெரியவர் அவள் காலைப் பார்த்தார். “தலைமன்னாரிலயிருந்தோ? எப்ப பிள்ளை வெளிக்கிட்டனீங்கள்?”

நான் லீவுக் கதையை விளக்கத் தொடங்கினேன். றீற்றா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மகள் ஓ.எல். சோதனை எடுத்த வருசம் வெளிக்கிட்டனான் ஐயா. இண்டைக்குத்தான் வந்து சேர்ந்தனான். இடையில ஒரு முழம்கூட விடேல்லை.”

அவர் எனக்கென்று நீட்டிய கோப்பையை என் கைக்கு வரும் முன்பே இழுத்து, அவளிடம் கொடுத்தார்.